தலையில் அடி, சிடி ஸ்கேன் எடுக்காமல் அனுப்பிவிட்டார்கள். சரியா?

கேள்வி:
நேற்று ராத்திரி என் 7 வயது மகன் கட்டிலிலிருந்து விழுந்து நெற்றி எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிவிட்டது. உடனே அழுதான், மயங்கவில்லை, வாந்தியும் இல்லை. அவசரப் பிரிவில் டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்து, 4 மணி நேரம் உட்கார வைத்து, சிடி ஸ்கேன் எடுக்காமலேயே அனுப்பிவிட்டார். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்திருக்கலாமே?

பதில் 1:
அவசரப் பிரிவில்தான் வேலை பார்க்கிறேன். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அவர் செய்தது சரி. நினைவு தப்பியதா, வாந்தி எடுத்தானா, கடுமையான தலைவலியா, 5 அடிக்கு மேலிருந்து விழுந்தானா, காதுக்குப் பின்னால் நீலம் பாரித்திருக்கிறதா என்றெல்லாம் பார்ப்போம். எதுவுமே இல்லையென்றால் உள்ளே ஆபத்தான ரத்தக்கசிவு இருக்க வாய்ப்பு மிகமிகக் குறைவு, ஆனால் சிடி எடுத்தால் கதிர்வீச்சு நிச்சயம், வளரும் உடம்பை அது கூடுதலாகப் பாதிக்கும். அந்த 4 மணி நேரம் கவனித்ததும் ஒரு பரிசோதனைதான். வாந்தி எடுத்தாலோ, எழுப்பியும் எழாமல் தூங்கினாலோ, வலிப்பு வந்தாலோ உடனே திரும்பக் கூட்டிப் போங்கள்.

பதில் 2:
தேவைப்பட்டால் சிடி எடுக்கத் தயங்க மாட்டார்கள். எங்கள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வாய் கோணி வலது கை தொங்கியபோது நேரே சிடிக்குத்தான் தள்ளிக்கொண்டு போனார்கள். எம்ஆர்ஐதானே துல்லியம் என்று நான் சண்டை போட்டேன். மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று தெரிந்தால்தான் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட முடியும், அதுவும் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள், அதைச் சிடி சில நிமிடத்தில் காட்டிவிடும் என்பது அப்புறம்தான் புரிந்தது.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. காதுக்குப் பின்னால் இப்போதே பார்த்தேன், ஒன்றுமில்லை. பள்ளிக்குக் கிளம்புகிறேன் என்கிறான், அனுப்பலாமா?

பதில் 1:
இன்று வீட்டிலேயே இருக்கட்டும். ஓடி விளையாட வேண்டாம்.