உள்ளே வந்த பணம் வெற்றியாகுமா? சமூக அறக்கட்டளைகள் குறித்து ஒரு விவாதம்

கணக்கர்: மார்க் சக்கர்பெர்க் 2012இலும் 2013இலும் தலா 1.8 கோடி ஃபேஸ்புக் பங்குகளைச் சிலிக்கான் வேலி சமூக அறக்கட்டளைக்கு (ஒரு வட்டாரத்தில் பலரிடம் கொடை திரட்டி நற்பணிகளுக்கு வழங்கும் பொது அமைப்பு அது) வழங்கியதைச் சுட்டி, “இதைவிடப் பெரிய வெற்றி எது?” என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். வந்த பணத்தை வெற்றி என்பது, விதைநெல் மூட்டையைக் காட்டி அறுவடை முடிந்தது என்பதற்கு ஒப்பாகும். தனியார் அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் தம் சொத்தில் சுமார் 5 விழுக்காட்டை வழங்கியாக வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. சமூக அறக்கட்டளைக்குள், யாருக்கு எப்போது வழங்கலாம் என்று கொடையாளர் சொல்லும் ஆலோசனைப்படி இயங்கும் நிதிக்கோ அந்தக் கட்டாயம் இல்லை. வரிச் சலுகை மட்டும் உடனே கிடைத்துவிடுகிறது.

வைகறை: எழுதியவன் நான்தான்; பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். கட்டாயம் இல்லாவிட்டாலும் இந்நிதிகளிலிருந்து சராசரியாக 5 விழுக்காட்டைவிட மிக அதிகமாகவே வெளியே போகிறது. இந்நிதிகள் பற்றிய அறிக்கையைப் படிக்காமல் தீர்ப்புச் சொல்வது உங்கள் வழக்கம்.

கணக்கர்: படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஒருவர் தம் கணக்கைத் துடைத்துக் கொடுக்க, இன்னொருவர் பத்தாண்டுகள் ஒரு காசும் எடுக்காதிருந்தால், சராசரி இருவரையும் வள்ளல்களாக்கிவிடும். ஒரு நிதியிலிருந்து வேறொரு நிறுவனத்தின் அதேவகை நிதிக்கு மாற்றினாலும் அது கொடைக் கணக்கில்தான் ஏறுகிறது. கணக்குவாரியாக அந்த 5 விழுக்காட்டைக் காட்டுங்கள்.

ஏரிக்கரை: நான் கிளீவ்லாந்தில் வசிப்பவன். உலகின் முதல் சமூக அறக்கட்டளையை வங்கியாளர் ஃபிரெடெரிக் காஃப் 1914இல் இங்கேதான் தொடங்கினார். இறந்தவர்கள் எழுதிவைத்த பழைய நிபந்தனைகளில் பணம் சிக்கிக்கிடக்கக் கூடாது என்பதே அவர் நோக்கம். நீங்கள் இருவரும் ஏட்டில் தேடுவதை, எங்கள் அறக்கட்டளையின் ஆதரவோடு உருவான எவர்கிரீன் கூட்டுறவுச் சலவையகத்தில் நான் தேடுவேன். மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளை அங்கே வெளுத்து மடிக்கும் தொழிலாளி, அந்நிறுவனத்தின் பங்குதாரராகவும் ஆகலாம். அந்தச் சம்பளமும் இலாபமும் எந்தத் தெருவுக்குப் போய்ச் சேர்கின்றன என்பதே அளவுகோல்.

வைகறை: சென்ற மாதமும் இதே சலவையகத்தைக் காட்டித்தான் வாதாடினீர்கள். கிளீவ்லாந்து இன்றும் அமெரிக்காவின் மிக ஏழ்மையான பெருநகரங்களுள் ஒன்றுதானே?

ஏரிக்கரை: எஃகாலைகள் மூடியதால் வந்த வறுமையை அறக்கட்டளையின் தலையில் கட்டுவது நேர்மையன்று. சென்ற மாதம் என்னை “ஊர்ப்பற்றில் கண் மறைந்தவர்” என்று எழுதினீர்கள். அதற்கு இன்றுவரை ஒரு வருத்தச் சொல்கூட வரவில்லை.

வைகறை: உண்மையைச் சொன்னதற்கு வருத்தம் தெரிவிக்கும் பழக்கம் எனக்கில்லை.

கணக்கர்: உங்கள் பழைய வழக்கை வேறிடத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள். சலவையகத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, சராசரியையும் கேட்கவில்லை. பங்குகளாக வந்த பணத்தில் எந்த ஆண்டில் எவ்வளவு எந்தப் பள்ளிக்கு, எந்த மருத்துவமனைக்குப் போனது என்று கேட்டேன். கணக்குவாரியாக 5 விழுக்காட்டை இதுவரை ஒருவரும் காட்டவில்லை. நாளையும் இதையே கேட்பேன்.