நான் வரையும் கோட்டிலிருந்து எகோன் ஷீலேயை எப்படி இறக்கி விடுவது?

நண்பர்களே, மனித உருவங்களை வரைந்து பழகி வருகிறேன். முதல் கண்காட்சிக்குப் படங்களைப் பொறுக்கி எடுக்கும் நேரம் இது. எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் பார்த்தால், பாதிக்கு மேல் ஆஸ்திரிய ஓவியர் ஷீலேதான் எட்டிப் பார்க்கிறார். முட்டியில் சட்டென்று ஒடியும் கோடு, எலும்பு துருத்தும் விரல்கள், பின்னணியே இல்லாத வெற்றுத் தாள். 1918-இல், 28 வயதிலேயே இறந்துபோன மனிதர். இன்னும் எத்தனை பேரின் கையைப் பிடித்து இழுக்கிறார் பாருங்கள்!

மாற்றுக்காக ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸின் கரி ஓவியங்களைப் பார்த்து வரைகிறேன். அவரிடம் உருவம் இருளின் திணிவிலிருந்து எழுகிறது, விளிம்புக்கோடு பிறகுதான். குனிந்த முதுகின் பாரம் கரித்துண்டின் அகலப் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. அப்படி வரைந்தால் என் படத்துக்கும் கனம் கூடுகிறது, சரி. ஆனால் ஒரு நிமிடத்தில் கிறுக்கும் படத்தில் இருக்கும் அசைவு செத்துவிடுகிறது.

கோட்டையும் திணிவையும் ஒரே தாளில் சேர்ப்பவர்கள், எதை முதலில் வைக்கிறீர்கள்? நிழலைப் பூசிவிட்டு அழிப்பானால் வெளிச்சத்தை எடுப்பீர்களா? பிரெஞ்சு ஓவியர் டெகா தன் படத்தின் மேலேயே மெல்லிய தாளை வைத்துத் திரும்பத் திரும்ப வரைவாராம்; அந்த முறையில் உங்களுக்கு ஏதாவது மாறியதா?

அப்புறம், நம்மை நோக்கி நீளும் கால் எனக்கு எப்போதும் குட்டையாகத்தான் வருகிறது. அதற்கான பயிற்சி இருந்தாலும் சொல்லுங்கள். 'முன்னோடிகளைப் பார்ப்பதை நிறுத்து' என்ற அறிவுரை மட்டும் வேண்டாம், ஏற்கெனவே நிறையக் கேட்டாயிற்று.