கேபிள் சாக்ஸ் குதிகாலைத் தாண்டி ஏற மாட்டேன் என்கிறது, பிரிக்கத்தான் வேண்டுமா?

கேள்வி (திருப்பாதிரிப்புலியூர்)

குன்னூரில் வேலை பார்க்கிற தம்பிக்குக் கையால் சாக்ஸ் பின்னுகிறேன். 75 சதவீதம் உல்லன், 25 சதவீதம் நைலான் கலந்த 4 ப்ளை நூல், 2.5 மி.மீ. ஊசி. பாதச் சுற்றளவு 22 செ.மீ. வெறும் நேர்ப்பின்னல் மாதிரியில் 10 செ.மீ.க்கு 30 கண்ணி வந்தது, சற்று இறுக்கமாக இருக்கட்டும் என்று 60 கண்ணி ஏற்றினேன். 6 கண்ணி கேபிள் (கண்ணிகளை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றிக் கயிறுபோல் முறுக்குவது), 4 பர்ல் (நேர்ப்பின்னலின் மறுபக்கம்போல் தெரிவது) என்று சுற்றிலும் ஆறு கேபிள், ஆறு சுற்றுக்கு ஒருமுறை முறுக்கு. 15 செ.மீ. வந்ததும் கண்ணிகளை வேறு நூலுக்கு மாற்றிவிட்டு என் காலில் போட்டுப் பார்த்தேன் (இருவருக்கும் ஒரே அளவு), குதிகாலிலேயே நின்றுவிட்டது. ஊசியை 3 மி.மீ. ஆக்கினால் போதுமா? அப்புறம், ஒவ்வொரு கேபிளிலும் இடது ஓரக் கண்ணி மட்டும் தொளதொளவென்று நிற்கிறது.

பதில் (முத்தியால்பேட்டை)

பிரித்துவிடு தங்கச்சி, ஊசியை மாற்றித் தப்பிக்க முடியாது. மூன்று கண்ணி மூன்றின் மேல் ஏறும்போது அகலம் சுருங்குகிறது, அதோடு முறுக்கு விழுந்த இடம் இழுத்தாலும் கொடுக்காது. அதே 60 கண்ணி வெறும் பின்னலில் இருந்தால் ஏறியிருக்கும். குதிகால் அடியிலிருந்து கணுக்காலின் முன்மடிப்பு வரை சுற்றி டேப் வைத்துப் பார், 22 செ.மீ. பாதத்துக்கு அது 30ஐ ஒட்டி வரும், சாக்ஸ் அந்த அளவுக்கு விரிந்தாக வேண்டும். 3 மி.மீ. ஊசியில் துணி நெகிழ்ந்து ஷூவுக்குள் உரசிச் சீக்கிரம் ஓட்டையாகும். மாதிரியைக் கேபிளோடு, வட்டமாகவே பின்னிப் பார்.

பதில் (நெல்லிக்குப்பம்)

அக்கா சொல்வது சரி. நானாக இருந்தால் பின்பக்கக் கேபிளை எடுத்துவிடுவேன், ஷூவுக்குள் அது யார் கண்ணிலும் படப்போவதில்லை. 68 கண்ணி ஏற்றுங்கள். முன்பக்கம் 34: 4 பர்ல், 6 கேபிள் என்று மூன்று தடவை, முடிவில் 4 பர்ல். பின்பக்கம் 34: 2 நேர், 2 பர்ல் என மாறி மாறி வரும் ரிப், 2 நேரில் தொடங்கி 2 நேரில் முடியும். விரிய வேண்டிய வேலையை ரிப் பார்த்துக்கொள்ளும். முறுக்கை எட்டுச் சுற்றுக்கு ஒன்றாக்குங்கள். குதிகால் மடலை (குதிகாலின் பின்புறத்தை மூடும் பட்டை) பின்பக்க 34இலேயே போடலாம், உள்ளங்கால் வெறும் பின்னல், கேபிள் அங்கே போனால் நடக்கும்போது குத்தும்.

தொளதொளப்புக்கு: நேரிலிருந்து பர்லுக்குப் போகும்போது நூல் சுற்றிக்கொண்டு வருவதால் மிச்சம் தங்குகிறது. கேபிளை அடுத்த முதல் பர்லுக்கு நூலை ஊசியின் மேலாகச் சுற்றாமல் அடியிலிருந்து எடுங்கள். அந்தக் கண்ணி திரும்பி உட்காரும், அடுத்த சுற்றில் பின்வளையத்தில் பர்ல் போட்டால் நேராகிவிடும்.

கேட்டவர்

பிரித்துவிட்டேன், 68 ஏற்றி வட்டமாக ஒரு மாதிரியும் பார்த்தாயிற்று, நன்றாக விரிகிறது. இரண்டாவது சாக்ஸில் முறுக்கு எதிர்ப்பக்கம் போக வேண்டுமே, அதற்கு என்ன செய்வது? நூல் 100 கிராம்தான் இருக்கிறது.

பதில் (முத்தியால்பேட்டை)

முறுக்கும்போது மூன்று கண்ணியைத் தாங்கும் துணை ஊசியை முதல் சாக்ஸில் முன்னால் நிறுத்தினால் இரண்டாவதில் பின்னால் நிறுத்து, அவ்வளவுதான். எதில் எப்படி என்று ஒரு தாளில் எழுதி நூல் பந்தோடு வைத்துக்கொள். கேபிள் நூலைக் கூடுதலாகத் தின்னும், முதல் சாக்ஸ் 50 கிராமைத் தாண்டினால் கணுக்காலுக்கு மேலே வரும் பகுதியைக் குட்டையாக்கு. சமையலறைத் தராசே போதும், குதிகால் முடிந்ததும் ஒருமுறை மீதிப் பந்தை வைத்துப் பார்.