ஓக் பார்க் பள்ளியின் பழைய மரபுகள்

கேள்வி:
சிகாகோவை ஒட்டிய ஓக் பார்க்கில், அமெரிக்க எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வே படித்த அரசு உயர்நிலைப் பள்ளியில் பட்டமளிப்பு விழாவுக்கு நெடுங்காலம் அங்கியும் தொப்பியும் அணியவில்லை என்கிறார்களே, அது உண்மையா?

மறுமொழி 1:
உண்மைதான். மாணவியர் வெள்ளை உடையில் சிவப்பு ரோஜாக்களை ஏந்தியும், மாணவர்கள் அடர்நிறக் கோட்டும் சிவப்பு டையும் அணிந்தும் விழாவுக்கு வருவது தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. ஆண், பெண் என இரண்டாகப் பிரிக்கும் அந்த உடை எல்லா மாணவருக்கும் பொருந்தாது என்ற விவாதம் எழுந்த பிறகு அங்கி வந்துவிட்டது. மாற்றம் நியாயமானதே, ஆனாலும் பழைய புகைப்படங்களில் வரிசையாக நிற்கும் அந்த வெள்ளையும் சிவப்பும் தனி அழகுதான்.

மறுமொழி 2:
பள்ளி 1871இல் தொடங்கியது. பக்கத்து ஊரான ரிவர் ஃபாரஸ்டின் பிள்ளைகளும் இங்கேதான் படிக்கிறார்கள் என்பதால், இரண்டு ஊர்களின் பெயரும் பள்ளியின் பெயரில் உண்டு. ‘சிறந்தவை எவையோ அவை’ என்னும் பொருள்படும் கிரேக்கத் தொடரே அதன் குறிக்கோள் வாசகம்.

மறுமொழி 3:
ஹெமிங்வே 1917இல் இங்கே படிப்பை முடித்தார். ‘டிரபீஸ்’ என்ற மாணவர் செய்தித்தாளில், அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த விளையாட்டுப் பத்தியாளர் ரிங் லார்ட்னரின் நடையைக் குறும்பாகப் போலி செய்து, ‘ரிங் லார்ட்னர் ஜூனியர்’ என்று கையெழுத்திட்டும் எழுதினார். ‘டபுலா’ என்னும் பள்ளி இதழில் 1916இல் அவருடைய சிறுகதைகளும் வெளிவந்தன.