உதவி: கோண்டி எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிகிறது

காட்டுமல்லி: வணக்கம். கோண்டு பழங்குடியினர் பேசும் கோண்டி மொழியின் எழுத்தில் அடித்த பாடம் முழுக்கக் கட்டமாகத் தெரிகிறது. எழுத்துரு போட்டும் மாறவில்லை. தெலங்கானாவில் உட்னூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கான வாசிப்புத் தாள், நாளை அச்சுக்குப் போகணும். அவசரம்!

நிலவன்: கணினியா, போனா? எந்த மென்பொருள்? எந்த எழுத்துரு?

பழையகணினி: தரவுத்தளம்தான் காரணம். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் எழுத்தைச் சேமிக்கும் பழைய முறையான யூடிஎஃப்8 ஓர் எழுத்துக்கு 3 பைட்டுதான் தரும், கோண்டிக்கு 4 வேண்டும். யூடிஎஃப்8எம்பி4க்கு மாற்றுங்கள்.

எழுத்தாணி: அவர் தரவுத்தளம் என்று சொல்லவே இல்லையே. அங்கே கெட்டால் கேள்விக்குறி வரும். கட்டம் வந்தால் எழுத்து பத்திரமாக இருக்கிறது, உரு மட்டும் இல்லை. அப்புறம், 'கோண்டி எழுத்து' என்று மொட்டையாகக் கேட்டால் என்ன சொல்வது? அடிப்படையைப் படித்துவிட்டு வாருங்கள். கோண்டிக்கென்றே இரண்டு எழுத்து முறைகள் உண்டு. 1918இல் மத்தியப் பிரதேசத்தின் பாலாகாட் பகுதியின் முன்ஷி மங்கள் சிங் மசாராம் உருவாக்கியது ஒன்று. ஆதிலாபாத் மாவட்டம் குஞ்சாலா கிராமத்துச் சுவடிகளில் கிடைத்தது இன்னொன்று. கணினிக்கான பொது எழுத்துப் பட்டியலான யூனிகோடில் முன்னது 2017இலும் பின்னது 2018இலும் சேர்ந்தன, தனித்தனி இடத்தில். ஒன்றின் எழுத்துரு மற்றதைக் காட்டாது. மெய் வரிசை 'ய'வில் தொடங்கினால் குஞ்சாலா.

காட்டுமல்லி: 'ய'தான். கணினி, லிப்ரே ஆபீஸ். நோட்டோ சான்ஸ் மசாராம் கோண்டி.

நிலவன்: அப்போ அதுதான் சிக்கல். நோட்டோ சான்ஸ் குஞ்சாலா கோண்டியை இறக்கி நிறுவி, லிப்ரே ஆபீஸை மூடித் திறந்து, பாடம் முழுதையும் தேர்ந்து அந்த எழுத்துருவுக்கு மாற்றுங்கள். அச்சகத்தில் இது இருக்காது, அதனால் எழுத்துரு பதித்த பிடிஎஃப்பாகவே அனுப்புங்கள்.

வேங்கை: எனக்கு ஒரு சந்தேகம். கோண்டியைத் தெலுங்கிலும் தேவநாகரியிலும் எழுதுகிறார்கள். பிள்ளைகள் பள்ளியில் எப்படியும் தெலுங்கு படிக்கணும். இன்னொரு எழுத்தும் சேர்ந்தால் சுமைதானே?

செங்காந்தள்: சுமையா? அந்தச் சுவடிகளைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஊரில் சில பெரியவர்கள்தான் மிஞ்சியிருந்தார்கள். இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லித்தராவிட்டால் எப்போது?

வேங்கை: சரி, ஆனால் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், மகாராஷ்டிரம் என்று பல மாநிலங்களில் பேசுகிறார்கள். மாநிலத்துக்கு ஓர் எழுத்து என்றால் ஒருவர் எழுதியதை மற்றவர் எப்படிப் படிப்பார்?

எழுத்தாணி: அதற்கு மசாராம்தான் வழி. இந்த மொழிக்கென்றே உருவாக்கியது.

செங்காந்தள்: குஞ்சாலாவும் இந்த மொழிக்கானதுதான் ஐயா. எதை வைத்துக்கொள்வது என்பதைக் கோண்டுகள் முடிவு செய்யட்டும், நாம் இல்லை.

காட்டுமல்லி: வந்துவிட்டது. பிடிஎஃப் அனுப்பியாச்சு. நன்றி நிலவன்.

பழையகணினி: பின்னாடி இணையத்தில் ஏற்றினால் தரவுத்தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.