அண்ணனின் நாற்பதுக்கு என்ன வாங்குவது: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு புதன் இரவு

மாலா: எல்லோருக்கும் வணக்கம். நவம்பரில் சரவணன் அண்ணனுக்கு 40 வயது. டிசம்பரில் எப்படியும் சிங்கப்பூரிலிருந்து எல்லோரும் நியூசிலாந்தில் அவர் இருக்கும் கிறைஸ்ட்சர்ச் போகிறோம். ஆளுக்கொரு சட்டை வாங்காமல் பணம் சேர்த்து ஒரே பரிசாகக் கொடுக்கலாம் என்று அவரிடமே கேட்டேன். துப்பாக்கி வேண்டுமாம்.

செல்வி அத்தை: என்னது?

அம்மா: மாலா, விளையாடாதே.

மாலா: நான் விளையாடவில்லை. உங்கள் மகனைக் கேளுங்கள்.

சரவணன்: மான் வேட்டைக்கு அம்மா. இங்கே அலுவலகத்தில் பாதிப் பேர் போகிறார்கள். உரிமம் வந்துவிட்டது. மேலே பொருத்திக் குறிபார்க்கும் ஸ்கோப் உட்பட மொத்தம் 3,000 நியூசிலாந்து டாலருக்குள் முடிக்க வேண்டும். தொலைவிலும் குறி தவறாத ஒன்று. ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன்தான்.

அம்மா: புரட்டாசி மாதத்தில் இந்தப் பேச்சு தேவையா?

அருண்: மச்சான், 7 எம்எம் ரெமிங்டன் மேக்னம் என்ற பெரிய தோட்டா. யோசிக்கவே வேண்டாம். 800 மீட்டர்.

ரவி சித்தப்பா: அருண், நீ ராணுவத்தில் தேசிய சேவை செய்தபோது 300 மீட்டர் குறிப்பலகையைத் தவறவிட்டு மறுநாள் திரும்பச் சுடப் போனவன்.

அருண்: மாமா, அன்றைக்கு மழை.

செல்வி அத்தை: ஞாயிற்றுக்கிழமை எங்கள் அம்மாவின் திதி. அதை யாரும் பேசவில்லை. வாழை இலை தேக்கா சந்தையில் யார் வாங்குவது?

மாலா: அத்தை, ஒரு நிமிடம்.

ரவி சித்தப்பா: சரவணா, கேட்டாய் என்பதால் சொல்கிறேன். கடைக்காரர் “ஒரு எம்ஓஏ” என்று சொன்னால், 100 மீட்டரில் குண்டுகள் ஏறக்குறைய 3 செ.மீ. வட்டத்துக்குள் விழும் என்று பொருள். 400 மீட்டரில் அதே வட்டம் 12 செ.மீ. ஆகிவிடும். செம்மானுக்கு இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. ஆகவே ஒரு எம்ஓஏ துப்பாக்கியே தாராளம். அதை அரை எம்ஓஏ ஆக்க இன்னும் ஆயிரம் டாலர் கொடுப்பது வீண். இன்றைக்கு நடுத்தர விலையில் வருகிற துப்பாக்கிகளே இந்த வேலையைச் செய்கின்றன. இது முதல் பகுதி.

மாலா: முதல் பகுதியா?

சரவணன்: சொல்லுங்கள் சித்தப்பா. நான் பார்த்து வைத்திருப்பது இரண்டு. பின்லாந்து டிக்கா டி3எக்ஸ், ஜப்பான் ஹோவா 1500.

ரவி சித்தப்பா: இரண்டும் நல்லவை. ஹோவா ஜப்பான் ராணுவத்துக்கே துப்பாக்கி செய்கிற நிறுவனம். வெதர்பி வேன்கார்டு என்று அமெரிக்கப் பெயரில் விற்பதும் அவர்கள் செய்வதுதான். விலை குறைவு, எடை கூட. டிக்கா எடை குறைவு, போல்ட் வழுக்கிக்கொண்டு போகும், விலை கூட. மலையில் நாள் முழுவதும் சுமக்கப் போகிறவன் நீ. ஆனால் எடை குறைந்தால் தோளில் உதை கூடும், அதையும் கணக்கில் வை. மிகவும் மலிவான துப்பாக்கிகளில் குழல் நன்றாகவே இருக்கும், அதைத் தாங்கும் பிளாஸ்டிக் கட்டைதான் வளையும். சாய்த்து அழுத்தினால் கட்டை குழலைத் தொடும், குறி நகரும். கடையில் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு தாளை விட்டு இழுத்துப் பார். தடையில்லாமல் வர வேண்டும்.

அருண்: மேக்னம் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே மாமா.

ரவி சித்தப்பா: வருகிறேன்.

அம்மா: சரவணா, உனக்கு ஏன் அந்தப் பெயர் வைத்தோம் தெரியுமா? வள்ளி மானின் வயிற்றில் பிறந்தவள். முருகன் பெயரை வைத்துக்கொண்டு நீ மானைச் சுடுவாயா?

மாலா: அம்மா, வள்ளியைப் பார்க்க வேடனாக வந்தவரும் முருகன்தான்.

அம்மா: உன்னை யார் கேட்டார்கள்?

சரவணன்: அம்மா, இந்த நாட்டுக்குச் சொந்தமான மான் என்பதே கிடையாது. வௌவாலைத் தவிர தரையில் வாழும் பாலூட்டி எதுவும் இங்கே இயற்கையாக இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் வேட்டை விளையாட்டுக்காகக் கொண்டுவந்து விட்டார்கள். அது பெருகிக் காட்டை மொட்டையடித்ததால் 1930களில் அரசே சம்பளத்துக்கு ஆள் வைத்துச் சுட்டது. இப்போதும் அரசுக் காட்டில் வேட்டையாட இயற்கைப் பாதுகாப்புத் துறை இலவசமாகவே அனுமதிச் சீட்டு தருகிறது.

அம்மா: இலவசம் என்றால் எல்லாவற்றையும் செய்துவிடுவதா?

செல்வி அத்தை: அண்ணி சொல்வது சரி.

ரவி சித்தப்பா: இரண்டாம் பகுதி. காற்று. 6.5 கிரீட்மோரையே எடுத்துக்கொள். 2007இல் வந்த தோட்டா, காற்றை நன்றாகத் தாங்கும் என்று பெயர். அதற்கே குறுக்குக் காற்று மணிக்கு 16 கி.மீ. அடித்தால் 400 மீட்டரில் குண்டு ஒரு சாணுக்கு மேல் விலகும். .308 என்ற பழைய தோட்டா இன்னும் விலகும். உங்கள் கேன்டர்பரி வடமேற்குக் காற்று எப்படி அடிக்கும் என்பதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ நெஞ்சைக் குறிவைப்பாய், வயிற்றில் படும். அந்த மான் ஓடிப்போய்ப் புதரில் இரவு முழுவதும் கிடந்து சாகும். ராணுவத்தில் பலகை எங்கே பட்டாலும் விழுந்துவிடும், மதிப்பெண் வந்துவிடும். அந்தப் பழக்கத்தை மலைக்குக் கொண்டுபோகாதே.

அம்மா: ஐயோ முருகா.

ரவி சித்தப்பா: அதனால்தான் அண்ணி, 250 மீட்டருக்கு மேல் சுடாதே என்று அவனுக்குச் சொல்லப் போகிறேன். முதல் ஆண்டு அவ்வளவுதான். அதற்கு மேல் இருந்தால் நடந்து கிட்டே போ. வேட்டை என்பதே அந்த நடைதான்.

சரவணன்: சித்தப்பா, நான் தொலைவுக்குத்தானே வாங்குகிறேன்?

ரவி சித்தப்பா: வாங்கு. 400 மீட்டரில் இரும்புத் தட்டைச் சுட்டுப் பழகு. அதில் பத்துக்குப் பத்து பட்டால் பிறகு மானைப் பற்றிப் பேசலாம்.

கவிதா: சின்ன மாமா சொல்வதைக் கேளுங்கள் என்று நானும் சொல்லிவிட்டேன்.

மாலா: அண்ணி வந்துவிட்டார்! உரிமத்துக்காக உங்களைத் தனியாகப் பேட்டி எடுத்தார்களாமே?

கவிதா: ஆமாம். இங்கே கணவனோ மனைவியோ இருந்தால் அவரையும் கேட்காமல் உரிமம் தரமாட்டார்கள். கோபம் வந்தால் என்ன செய்வார், குடிப்பாரா, வீட்டில் சண்டை உண்டா என்று கேட்டார்கள்.

அம்மா: நீ என்ன சொன்னாய்?

கவிதா: உண்மையைத்தான் சொன்னேன் அத்தை. கோபம் வந்தால் பாத்திரம் தேய்க்கப் போய்விடுவார் என்று.

மாலா: அப்பாவைப் போலவே.

அருண்: அதிகாரி சிரித்தாரா?

கவிதா: எழுதிக்கொண்டார்.

செல்வி அத்தை: என் அண்ணன் பாத்திரம் தேய்த்ததை நான் பார்த்ததே இல்லை.

அம்மா: நீ எங்கள் வீட்டுப் பக்கம் வந்தால்தானே பார்ப்பதற்கு?

செல்வி அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

மாலா: சரி, துப்பாக்கிக்கு வருவோம்.

ரவி சித்தப்பா: மூன்றாம் பகுதி, அருணுக்காக. மேக்னம் உதைக்கும். 6.5 கிரீட்மோரின் உதையோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேல். நாலு தோட்டா சுட்டதும் உடம்பு தானாகக் கற்றுக்கொள்ளும்: விசையை இழுக்கும் முன்பே தோள் சுருங்கும், கண் மூடும். அப்புறம் எவ்வளவு நல்ல குழலாக இருந்து என்ன? தோட்டா விலையும் அதிகம், அதனால் பயிற்சி குறையும். .308 என்றால் எந்தச் சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும், 1952இலிருந்து இருக்கிறது. 6.5க்கு உதை குறைவு. இந்த இரண்டில் எது அந்தக் கடையில் எப்போதும் இருப்பு இருக்கிறதோ அதை எடு.

அருண்: டிசம்பரில் நான் சுட முடியுமா மச்சான்? எனக்கு உரிமம் இல்லையே.

சரவணன்: நான் கைக்கெட்டும் தூரத்தில் நின்று மேற்பார்வை பார்த்தால் சுடலாம். உரிமம் உள்ளவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பது சட்டம். சத்தம் அடக்கியும் பூட்டிக்கொள்ளலாம், இங்கே அது சர்வ சாதாரணம். குழல் நுனியில் திருகு வெட்டியிருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

மாலா: சத்தம் அடக்கி சர்வ சாதாரணமா? நாம் வேறு கிரகத்தில் இருக்கிறோம்.

ரவி சித்தப்பா: அருண், ஒன்று சொல்லிவிடுகிறேன். நினைவுக்கு என்று சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டைக்கூடச் சட்டைப்பையில் போட்டுச் சாங்கி விமான நிலையத்துக்குக் கொண்டுவராதே. இங்கே துப்பாக்கி வடிவில் இருக்கும் சிகரெட் லைட்டருக்கே தடை. ஆயுதக் குற்றச் சட்டம் 1973இல் வந்தது, அதில் கருணை கிடையாது.

செல்வி அத்தை: நீ போகவே வேண்டாம் அருண். குளிரில் உனக்கு மூக்கடைப்பு வரும்.

அருண்: அம்மா, டிசம்பரில் அங்கே கோடைக்காலம்.

ரவி சித்தப்பா: பணக் கணக்கு. 3,000இல் பாதிக்கு மேல் துப்பாக்கிக்குப் போகக் கூடாது. ஸ்கோப்புக்கும் அதைப் பிடிக்கும் வளையங்களுக்கும் ஆயிரம். மிச்சம் முழுவதும் தோட்டா. ஸ்கோப்பில் குறியை நகர்த்தும் ஒரு கிளிக் 0.1 மில் (கோண அளவு) என்றால் 100 மீட்டரில் 1 செ.மீ. நகரும், 400இல் 4 செ.மீ. கணக்கு எளிது. திருப்பிவிட்டு மறுபடி பூச்சியத்துக்குக் கொண்டுவந்தால் பழைய இடத்திலேயே நிற்க வேண்டும், மலிவான ஸ்கோப் தடுமாறுவது அங்கேதான். மூன்று தோட்டா சுட்டு ஒரே ஓட்டையாக விழுந்தது என்று படம் போடுகிறவர்களை நம்பாதே. மூன்று தோட்டாவில் அதிர்ஷ்டமும் சேர்ந்து சுடும். ஐந்து சுடு, இன்னொரு நாள் இன்னொரு ஐந்து சுடு. ஒரே துப்பாக்கி ஒரு நிறுவனத்தின் தோட்டாவோடு ஒத்துப்போகும், இன்னொன்றோடு முரண்டு பிடிக்கும். அதனால் மூன்று நாலு வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கிப் பார்.

மாலா: சித்தப்பா, இதில் பாதியை ஞாயிற்றுக்கிழமை நேரில் சொல்லலாமே.

ரவி சித்தப்பா: கடைசியாக ஒன்று. ஸ்கோப் வழியாக மலையில் மான் தேடாதே. நீ எதைப் பார்க்கிறாயோ அதன் மேல் துப்பாக்கி நீட்டியிருக்கிறாய் என்று பொருள். அது மானா, ஆரஞ்சுச் சட்டை போட்ட மனிதனா என்று ஐயமறத் தெரிந்த பிறகுதான் துப்பாக்கியைத் தூக்க வேண்டும். தேடுவதற்குத் தொலைநோக்கி தனியாக வேண்டும்.

அம்மா: தொலைநோக்கியா? உன் அண்ணனுடையது உன் வீட்டில்தானே இருக்கிறது ரவி?

மாலா: அப்பாவின் ஜெர்மன் தொலைநோக்கியா? அது தொலைந்துவிட்டது என்றல்லவா சொன்னீர்கள்?

அம்மா: நான் எங்கே சொன்னேன்? செந்தோசாவுக்குப் பிள்ளைகளோடு போகிறோம் என்று உன் சித்தப்பாதான் வாங்கிப் போனார். அந்தப் பிள்ளைகளுக்கே இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அருண்: மாமாவின் ஈசூன் வீட்டில் தொலைக்காட்சிக்கு மேல் இருக்கிறதே, தோல் உறையில்? அதுவா மாமா?

ரவி சித்தப்பா: அதைப் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன் அண்ணி. வில்லையில் பூஞ்சை வராமல் உலர்பெட்டியில் வைத்து எடுத்து வைத்து எடுத்து.

மாலா: தொலைக்காட்சிக்கு மேல் உலர்பெட்டியா?

செல்வி அத்தை: ரவி இலை வாங்கட்டும். ஈசூனிலிருந்து வரும் வழியில் தேக்கா.

ரவி சித்தப்பா: திதி என் வீட்டில்தானே நடக்கிறது, நான் எங்கிருந்து எங்கே வருகிறேன்?

அம்மா: தொலைநோக்கியை ஞாயிற்றுக்கிழமை நான் எடுத்துக்கொள்கிறேன்.

கவிதா: அத்தை, உங்கள் பெட்டியில் அது உடையாமல் வருமா?

அம்மா: என் மடியில் வைத்துக்கொண்டு வருவேன்.

சரவணன்: எல்லோரும் ஒன்று கேளுங்கள். இங்கே ஒரு கடையில் பயன்படுத்திய டிக்கா ஒன்று வந்திருக்கிறது. .308, துருப்பிடிக்காத எஃகு, நுனியில் திருகு உண்டு. புதியதைவிட நன்றாகவே விலை குறைவு. சனிக்கிழமை போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

ரவி சித்தப்பா: குழலின் உள்ளே விளக்கடித்துப் படம் எடுத்து அனுப்பு. நுனி விளிம்பில் அடிபட்ட தழும்பு இருந்தால் வேண்டாம்.

மாலா: ஆளுக்கு 200 சிங்கப்பூர் வெள்ளி என்று வைத்துக்கொள்ளலாமா? அத்தை? சித்தப்பா?

செல்வி அத்தை: பார்க்கலாம்.

ரவி சித்தப்பா: தொலைநோக்கியை நான் கொடுத்ததாக வைத்துக்கொள்ளலாம்.

மாலா: அது அப்பாவுடையது!

அம்மா: சனிக்கிழமையா சொன்னாய்? சனிக்கிழமை இரும்பு வாங்கக் கூடாது. அதுவும் புரட்டாசிச் சனிக்கிழமை.

அருண்: அத்தை, அது துருப்பிடிக்காத எஃகு.

ரவி சித்தப்பா: அதிலும் பெரும்பகுதி இரும்புதான்.

சரவணன்: அம்மா, ஞாயிறு கடை மூடியிருக்கும். அடுத்த வாரம் வரை இருக்காது, யாராவது வாங்கிவிடுவார்கள்.

அம்மா: அப்படியானால் வெள்ளிக்கிழமையே போய் முன்பணம் கொடுத்துவிடு. வாங்கியது வெள்ளிக்கிழமை என்று ஆகிவிடும்.

மாலா: அம்மா, நீங்கள் வேண்டாம் என்றல்லவா சொல்லிக்கொண்டிருந்தீர்கள்?

அம்மா: வாங்குவதுதான் வாங்குகிறான், நல்ல நாளில் வாங்கட்டும். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம், அதற்கு முன்னால் போ.

சரவணன்: சரி அம்மா.

அருண்: பத்தரை என்பது சிங்கப்பூர் நேரமா, நியூசிலாந்து நேரமா? ஐந்து மணி நேரம் வித்தியாசம்.

செல்வி அத்தை: ராகு காலம் அந்தந்த ஊர்ச் சூரிய உதயப்படி.

ரவி சித்தப்பா: கிறைஸ்ட்சர்ச்சில் இப்போது கோடை நேரம் மாற்றிவிட்டார்களே, அதையும் கழிக்க வேண்டும். இருங்கள், விளக்கமாகச் சொல்கிறேன்.

மாலா: அண்ணா, நீங்கள் ஒன்பது மணிக்கே போய்விடுங்கள்.