பொருள்: மெற்றல் இளகினால் என்ன சொல்வது? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

கிளிநொச்சி, மொழிபெயர்ப்பாளர்:

எல்லோருக்கும் வணக்கம். இளைஞர் சஞ்சிகை ஒன்றுக்காக மெற்றாலிக்கா என்ற அமெரிக்க ஹெவி மெற்றல் இசைக்குழு பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்குகிறேன். 1988இல் வந்த இசைத்தொகுப்பில் 9 பாட்டு, 65 நிமிடம். ஒரு பாட்டுக்குள்ளேயே தாளம் பல தரம் மாறும். 1991இல் வந்த கறுப்பு அட்டைத் தொகுப்பில் 12 பாட்டு, 62 நிமிடம். வேகம் குறைவு, பல்லவி உடனே மனதில் நிற்கிறது. அமெரிக்காவில் மட்டும் 1 கோடி 60 இலட்சத்துக்கு மேல் விற்றது. தயாரிப்பாளர் பொப் றொக். (அது ஆளின் பெயர், இசைவகை அல்ல. ஒப்புநோக்கியவர் அதை வெட்டிவிட்டு "துள்ளிசை" என்று திருத்தியிருந்தார்.)

கடினமான இசை, புதியவர் காதுக்கும் வழிவிடுகிற மாதிரி மாறுவதற்கு ஒரு சொல் வேண்டும். "அணுகத்தக்க ஒலி" என்று எழுதினேன். மகன் வாசித்துவிட்டு, "என்னம்மா, ஏ9 வீதிக்கு அணுகு பாதை போடுகினமா?" என்று கேட்டான். வெள்ளி காலை அச்சுக்குப் போகிறது.

மாங்குளம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பிள்ளை, வாலைப் பிடிக்க முதல் தலையைப் பிடியும். "மெற்றல்" என்று எழுதிவிட்டு அதன் மாற்றத்துக்கு மட்டும் தமிழ் தேடுவது வேட்டி கட்டித் தொப்பி போடுவது. உலோகமும் வடசொல். நமக்கு மாழை என்ற சொல் இருக்கிறது. ஆகவே அந்த இசை கனமாழை. மாழைக்கு இளமை, அழகு, மாவடு என்றும் பொருள் உண்டு. மாவடுவுக்கும் இரும்புக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். இரண்டிலும் பல் உடையும். இது பற்றித் தனியாக எழுதுகிறேன்.

புதுக்குடியிருப்பு, கிற்றார் வாசிக்கிறவர்:

ஐயா, கோபிக்க வேண்டாம். கனமாழையில் ஒரு கால் விடுபட்டால் கனமழை. இரணைமடுக் குளம் வான் பாயப்போகுது என்று சனம் சாமான் கட்டத் தொடங்கிவிடும். ஹெவி மெற்றல் ஹெவி மெற்றலாகவே இருக்கட்டும்.

அக்கா, ஒன்று மட்டும் கவனியுங்கள். "வெகுசனமயமாதல்" என்று யாராவது சொல்ல முதலே மறுத்துவிடுகிறேன். சுவீடனின் மெற்றல் குழு ஓபெத் 2003இல் உறுமல் (தொண்டையால் கர்ச்சித்துப் பாடுவது) இல்லாமல் ஒரு தொகுப்பு முழுவதையும் வெறும் பாட்டுக் குரலில் பாடியது. 2011இலிருந்து உறுமலை அறவே விட்டது. 2024இல்தான் திரும்பக் கொண்டுவந்தது. அந்த இடைக்காலத்தில் அவர்கள் போனது 1970களின் முற்போக்கு றொக் பக்கம். அது காதைக் குத்தாது, ஆனால் வானொலிக்கும் ஏறாது. காதுக்கு எளிதாவதும் சந்தைக்குப் போவதும் ஒன்றல்ல. "விலைபோனான்" என்று இரசிகர்கள் திட்டுவது வேறு. சொல்லுக்குள்ளேயே தீர்ப்பை வைத்துவிடாதீர்கள்.

மாங்குளம், ஆசிரியர்:

வன்னியில் பேக்கரிக்கு "வெதுப்பகம்" என்று பலகை தொங்கினபோதும் இப்படித்தான் சிரித்தார்கள். இன்றைக்கு வடக்கு முழுக்க இருக்கிறது.

புதுக்குடியிருப்பு:

வெதுப்பகம் நின்றது ஐயா. ஐஸ்கிரீமுக்கு வைத்த குளிர்களி கரைந்துவிட்டது.

வவுனியா, தமிழ்ப் பாட ஆசிரியை:

இவ்வளவு தூரம் ஏன் அலைய வேண்டும்? செய்யுளுக்காகச் சொல் திரிவதுதான் செய்யுள் விகாரம். அது ஆறு வகை. வலித்தல், மெலித்தல், நீட்டல், குறுக்கல், விரித்தல், தொகுத்தல். மெற்றாலிக்கா செய்தது மெலித்தல், கூடவே கொஞ்சம் குறுக்கல். பத்து நிமிடப் பாட்டை ஐந்தரை நிமிடமாக்கினால் வேறென்ன பெயர்? வல்லெழுத்து தன் இனமான மெல்லெழுத்தாகத் திரிவதுதான் மெலித்தல், இனம் மாறுவதில்லை. இலக்கண உரையில் வரும் எடுத்துக்காட்டைப் பாருங்கள். தட்டை, தண்டை ஆகிறது. தட்டை தினைப்புனத்தில் கிளி விரட்ட அடிக்கும் மூங்கில் கருவி. சத்தம் போடுவதற்கென்றே செய்தது. அது மெலிந்து தண்டை என்று நின்றால், காலில் அணிகிற தண்டையும் நினைவுக்கு வருகிறது. இதைவிட என்ன வேண்டும்?

கிளிநொச்சி, மொழிபெயர்ப்பாளர்:

ரீச்சர், அருமை. "மெலித்த ஒலி" என்று மாற்றிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

முள்ளியவளை, சங்கீத ஆசிரியர்:

பொறுங்கள், பொறுங்கள். மாற்றாதீர்கள். தமிழிசையில் மெலிவு, சமன், வலிவு என்பவை மூன்று தானங்கள், அதாவது சுரம் ஒலிக்கும் உயரங்கள். சிலப்பதிகார அரங்கேற்று காதையிலேயே "வலிவும் மெலிவும் சமனும்" வருகிறது. மெலிவு என்றால் கீழ்த் தானம், மந்தரம். நான் வகுப்பில் "மெலிவுக்கு இறங்கு" என்றால் பிள்ளைகள் கீழ்ச் சுரத்துக்கு இறங்குவார்கள், எளிமைக்கு அல்ல.

புதுக்குடியிருப்பு:

சேர் சொல்வது சாதாரண விசயம் இல்லை. மெற்றலில் தந்தியைத் தளர்த்திக் கீழே இறக்க இறக்கத்தான் கனம் கூடும். அதே 1991 தொகுப்பில் ஒரு பாட்டுக்கு எல்லாத் தந்திகளையும் ஒரு முழுச் சுரம் இறக்கி வைத்திருக்கிறார்கள். தொகுப்பிலேயே பாரமான பாட்டு அதுதான். அந்தப் பாட்டு சேரின் கணக்கில் மெலிவு, ரீச்சரின் கணக்கில் மெலியாதது. அச்சில் வந்தால் ஒருவருக்கும் விளங்காது.

வவுனியா, ஆசிரியை:

மெலிவு வேறு, மெலித்தல் வேறு. ஒன்று நிலை, மற்றது தொழில்.

முள்ளியவளை, சங்கீத ஆசிரியர்:

ரீச்சர், பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அதைச் சொல்லிப் பாருங்கள். "மெல்லிசை" என்றும் போட முடியாது. அந்தப் பெயரில் இலங்கை வானொலி ஒரு காலமே நடத்திவிட்டது.

இன்னொன்றையும் யோசித்தேன். 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் விடிய விடிய ஆடுகிற கூத்தைச் சுருக்கி நகர மேடைக்குக் கொண்டுவந்தார். புதியவர் வந்து இருந்து பார்த்தார்கள். அதுவும் இதே மாற்றம்தானே? அது கூத்தா இல்லையா என்று இன்றைக்கும் இரவிரவாகச் சண்டை பிடிக்கலாம். எங்கள் ஊர்க் கோவலன் கூத்தைச் சுருக்கலாமா என்று கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரிடம் கேட்டுப் பாருங்கள், அடி விழும்.

ரொறன்ரோ (முன்பு மல்லாவி):

இங்கே நடுச்சாமம். எல்லாவற்றையும் வாசித்தேன். இரும்பைப் பற்றித்தான் பேசுகிறோம் என்றால், கொல்லன் பட்டறையில் என்ன சொல்வார்கள்? இரும்பு இளகும். இளகினாலும் இரும்பு இரும்புதான். ஆறினால் பழையபடி இறுகும். ஓபெத் 2024இல் இறுகினது போல. இளகல் அல்லது இளக்கம். எதிர்ச்சொல்லும் கையோடு இருக்கிறது, இறுக்கம்.

வவுனியா, ஆசிரியை:

"இளகின இரும்பைக் கண்டால் கொல்லன் தூக்கித் தூக்கி அடிப்பான்" என்ற பழமொழியும் கையோடு இருக்கிறது அண்ணை. இளக்கம் என்றாலே ஏமாளித்தனம். தீர்ப்பு வேண்டாம் என்று தம்பி சொன்னாரே, இதில் தீர்ப்பு இல்லையா?

புதுக்குடியிருப்பு:

1991க்குப் பிறகு பழைய இரசிகர்கள் செய்தது அதைத்தானே ரீச்சர். தூக்கித் தூக்கி அடித்தார்கள். நான் இளகலுக்கு.

மாங்குளம், ஆசிரியர்:

இளகல் நற்றமிழ். இள் என்ற வேரிலிருந்து இளமை, இளகு, இளந்தாரி. வைத்தியர் தருகிற இலேகியமும் என் கணக்கில் இளகியம்தான். வடமொழிக்காரர் அதை நக்குவது என்ற பொருளில் விளக்கப் பார்க்கிறார்கள். நக்குவதற்கு முன் அது இளக வேண்டாமா? மாழைக்கு இளமைப் பொருள் உண்டு என்று முதல் மடலிலேயே சொன்னேன், எவரும் கவனிக்கவில்லை. மாழை இளகும், மாழையே இளமை. இதை விரித்து நாளைக்கு நாலு பக்கம்

கிளிநொச்சி, மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, உங்கள் மடல் பாதியில் நின்றுவிட்டது. மிச்சத்தைப் பிறகு அனுப்புங்கள், அவசரமில்லை. இப்போது வியாழன் இரவு பதினொன்றரை. இளகலுக்கு நாலு பேர், மெலித்தலுக்கு ஒருவர். சங்கீத சேர், இரண்டும் வேண்டாம், "எளிய ஒலி" என்று போட்டுவிட்டுப் படுங்கள் என்று தொலைபேசியில் சொன்னார். "இளகல்" என்று அனுப்பிவிட்டேன். ஹெவி மெற்றல் அப்படியே இருக்கிறது.

வவுனியா, ஆசிரியை:

சஞ்சிகையில் எதுவும் வரட்டும். திங்கட்கிழமை பதினோராம் ஆண்டுக்குச் செய்யுள் விகாரம் நடத்துகிறேன். தம்பி, உங்களிடம் அந்த இரண்டு தொகுப்பிலிருந்தும் ஒவ்வொரு பாட்டு இருந்தால் அனுப்புங்கள். தட்டைக்கு ஒன்று, தண்டைக்கு ஒன்று.